துரிதப்படுத்து, விரைவுபடுத்து, முடுக்கிவிடு: எதை எங்கே எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எங்கிருந்து வந்தாலும் பாதிப்பேர் கேட்பது ஒன்றைத்தான்: "வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லி எழுதுங்கண்ணே." அந்தச் 'சீக்கிரம்' தாளில் ஏறும்போது என்ன சொல்லாக வேண்டும் என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. மனு எழுத வந்தவர்களும், தமிழாசிரியர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

'துரிதப்படுத்து' என்றால் சரியாக என்ன பொருள்?

ஏற்கெனவே தொடங்கிய ஒரு வேலையை, இப்போது போவதைவிட வேகமாகப் போகச் செய்வது. 'ஏற்கெனவே தொடங்கிய' என்பதைக் கவனியுங்கள். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்னால் "எய்ம்ஸ் பணிகளைத் துரிதப்படுத்துக" என்று யாராவது எழுதியிருந்தால் அது பொருந்தியிருக்காது. "தொடங்குக" என்றுதான் எழுத வேண்டும். பணி என்று ஒன்று நடக்க ஆரம்பித்த பிறகுதான் அதைத் துரிதப்படுத்த முடியும்.

மனுவிலும் இதே கதைதான். விண்ணப்பம் யார் மேசைக்கும் போகாமல், பதிவே ஆகாமல் கிடக்கிறது என்றால் "துரிதப்படுத்துங்கள்" என்று எழுதிப் பயனில்லை. "விண்ணப்பத்தைப் பதிவு செய்து எண் வழங்குங்கள்" என்பதுதான் அங்கே வேண்டிய வாக்கியம்.

அது தமிழ்ச் சொல்தானா?

'த்வரித' என்ற வடசொல் தமிழில் 'துரிதம்' ஆயிற்று. 'துரித உணவு', 'துரித நடவடிக்கை' என்று இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. சங்கீதத்திலும் விளம்பம், மத்திமம், துரிதம் என்று காலம் சொல்வார்கள். பழைய அகராதியைப் புரட்டினால் 'துரிதம்' என்பதற்குப் 'பாவம்' என்றும் ஒரு பொருள் இருக்கும். அது வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன. பக்திப் பாடல் படிக்கும்போது அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தமிழ் வேர்தான் வேண்டும் என்றால் 'விரை' இருக்கிறது. அதிலிருந்து விரைவு, விரைந்து, விரைவுபடுத்து. 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியம் இன்னும் இரண்டு சொற்களைத் தருகிறது. கதழ்வு, துனைவு இரண்டும் இன்று யார் பேச்சிலும் இல்லை, ஆனால் 'கடுகி வந்தான்' என்பது கதை சொல்லும் பெரியவர்கள் வாயில் இன்னும் கேட்கிறது. மனுவுக்கு 'விரைந்து' போதும். அழகாகவும் இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

விரைவு, வேகம், அவசரம், உடனடி எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தாலும் ஆளுக்குப் புரிந்துவிடும். எழுத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது.

'வேகம்' ஓட்டத்தின் அளவு. பேருந்து எழுபதில் போகிறது என்றால் அது வேகம். 'விரைவு' என்பது குறைந்த நேரத்தில் போய்ச் சேர்வது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், விரைவு ரயில், விரைவு அஞ்சல் என்று பெயர் வைத்தது அதனால்தான். 'உடனடி' என்றால் இடைவெளியே இல்லை: கேட்டதும் செய்ய வேண்டும்.

'அவசரம்' இந்த மூன்றிலும் சேராது. அது வேலையின் தன்மையைச் சொல்வதில்லை, கேட்பவரின் நிலைமையைச் சொல்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, காப்பீட்டுக்கு வருமானச் சான்று வேண்டும் என்றால் அது அவசரம். அப்போது 'அவசரம்' என்ற சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது, சிகிச்சை நாளை எழுத வேண்டும். நாளைப் பார்த்தால் படிக்கிறவருக்கு அவசரம் தானாக விளங்கும். நாள் இல்லாமல் "மிக மிக அவசரம்" என்று எழுதினால், அன்றைக்கு வந்த எல்லா மனுவிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அடுத்ததை எடுப்பார்.

ஓர் ஆளைத் துரிதப்படுத்தலாமா?

தமிழில் அது ஒட்டாது. "தாசில்தாரைத் துரிதப்படுத்த வேண்டும்" என்று ஒரு மனுவில் படித்தேன், காதில் உறுத்தியது. துரிதப்படுத்துவது, விரைவுபடுத்துவது எல்லாம் பணியை, விசாரணையை, கோப்பை. ஆளுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன: அவசரப்படுத்து, விரட்டு, தூண்டு, நெருக்கு. அதில் 'அவசரப்படுத்து' என்றால் பேச்சில் ஒரு குறை ஒளிந்திருக்கும். "அவசரப்படுத்தாதடா, பொறுடா" என்று அம்மா சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதனால் ஆளை விட்டுவிட்டு, பணியைச் செயப்படுபொருளாக வையுங்கள்: "நில அளவைப் பணியை விரைந்து முடிக்க நில அளவருக்கு உத்தரவிடுமாறு..." யாருக்கும் மனம் கோணாது, சொல்ல வேண்டியதும் குறையாது.

செய்தித்தாளில் 'முடுக்கிவிட்டார்' என்று போடுகிறார்களே, அது எப்படி?

'முடுக்கு' நல்ல வலுவான வினை. மாட்டை முடுக்குவது என்றால் பின்னாலிருந்து விரட்டி ஓட்டுவது. பட்டறையில் நட்டை முடுக்குவது என்றால் திருகி இறுக்குவது. இரண்டிலும் ஒரு கை அழுத்தம் இருக்கிறது பாருங்கள். அறிவியல் பாடத்தில் 'முடுக்கம்' என்று எடுத்துக்கொண்டதும் பொருத்தம்தான்; நேரம் போகப் போகத் திசைவேகம் மாறும் வீதம் அது. (தெற்கத்திப் பக்கம் குறுகலான சந்துக்கும் 'முடுக்கு' என்பார்கள், அது வேறு.)

'முடுக்கிவிடு' என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களைக் கொண்டு ஒரு வேலையை நடத்தி வைப்பதைச் சொல்கிறது. ஆட்சியர் குடிமராமத்துப் பணிகளை முடுக்கிவிடலாம். கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயி மனுவில் "முடுக்கிவிடுங்கள்" என்று எழுதினால் கட்டளை போடுவதுபோல் ஆகிவிடும். செய்திக்கு ஏற்ற சொல், மனுவுக்கு ஏற்காது.

சரி, மனுவில் எதைத்தான் எழுதுவது?

பலரும் எழுதிக்கொண்டு வருகிற வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எனது மனு மீது இதுநாள்வரை எந்த நடவடிக்கையும் இல்லை. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து எனது மனுவை உடனடியாக, மிகவும் அவசரமாகத் துரிதப்படுத்தி, விரைவில் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் வேகத்துக்கு நான்கு சொற்கள் வந்துவிட்டன. எந்த வேலை, யாரிடம் நிற்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒன்றுகூட வரவில்லை. இதைப் படிக்கிற எழுத்தர் 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்புக' என்று குறித்து அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் அந்த மனுவில் ஒன்றும் இல்லை.

அதே ஆளுக்கு, அதே பட்டா மாறுதலுக்கு இப்படி எழுதலாம்:

"பார்வையில் கண்ட விண்ணப்பம் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டியது. தற்போது நில அளவைக்காக நிலுவையில் உள்ளது. நில அளவைக்கு நாள் குறித்து எனக்குத் தெரிவிக்கவும், அளவை முடிந்ததும் பட்டா மாறுதலை விரைந்து முடித்துத் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் வேகச் சொல் ஒன்றுதான், 'விரைந்து'. ஆனால் படிக்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்: சர்வேயரிடம் கேட்டு ஒரு நாள் குறிக்க வேண்டும். அந்த நாள் வாங்குவதுதான் இந்த மனுவின் நோக்கம்.

இன்னொன்று, 'பார்வை' என்ற வரி. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று மனுவுக்கு ஒரு வடிவம் உண்டு. பலர் பார்வையை விட்டுவிடுகிறார்கள், அல்லது 'முன்பு கொடுத்த மனு' என்று எழுதுகிறார்கள். பழைய மனுவின் எண்ணும் தேதியும் அங்கே இருந்தால் கோப்பைத் தேடும் வேலை மிச்சம். என் அனுபவத்தில் எந்த வேகச் சொல்லையும்விட அந்த ஒரு வரிதான் அதிகம் உழைக்கிறது. இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வது அதற்காகத்தான். அந்த எண்ணை வைத்து விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று இணையத்திலேயே பார்த்துவிட்டு, அப்புறம் மனு எழுத உட்காரலாம்.

'விரைவில்', 'விரைவாக', 'விரைந்து' வேறுபடுகின்றனவா?

வேறுபடுகின்றன. 'விரைவில்' காலத்தைச் சொல்கிறது: கொஞ்ச நாளில். 'விரைவாக', 'விரைந்து' இரண்டும் செய்யும் விதத்தைச் சொல்கின்றன. "மேம்பாலம் விரைவில் திறக்கப்படும்" என்று பலகை வைத்தால், வேலை மெதுவாகவே நடந்தாலும் அந்தப் பலகை பொய்யாகாது. ஆக, 'விரைவில்' பதில் சொல்கிறவர் பயன்படுத்தும் சொல். கேட்கிறவர் அதை எழுதினால், பதிலையும் தானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிறது. "விரைவில் செய்யப்படும்" என்று திரும்பி வரும்.

மனுவின் மேலே 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதலாமா?

அலுவலகக் கடிதங்களில் 'அவசரம்', 'மிக அவசரம்', 'உடனடி' என்று தலைப்பில் குறிப்பது அலுவலர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம். மனுதாரர் எழுதினால் அதற்கு அந்த மதிப்புக் கிடையாது. 'பொருள்' வரியிலேயே நாளைச் சேர்த்துவிடுங்கள்: "கல்லூரிச் சேர்க்கைக்கு வரும் 14-ம் தேதிக்குள் சாதிச் சான்று தேவை – தொடர்பாக." முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

இத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா?

எல்லா வேலைக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தெளிவாகச் சொல்கிறது: விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

நிலுவையில் கிடக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்துவது பலருக்குத் தெரியவில்லை. "என் வேலையை முடித்துத் தாருங்கள்" என்று அந்தச் சட்டத்தின் கீழ்க் கேட்க முடியாது. "இந்த எண் கொண்ட என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேட்கலாம். இதற்குப் பதில் தயாரிக்க உட்காரும்போதே கோப்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த கோப்பு பல நேரம் நகர ஆரம்பித்துவிடும்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழக்குகளிலும் இதே சங்கதிதான். மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் தொடங்கப்பட்டதிலிருந்து தென்மாவட்ட மக்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சம். அங்கே வரும் உத்தரவுகளைப் பாருங்கள்: 'மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்' என்று கெடு சொல்லியிருப்பார்கள். நாமும் கேட்கும்போது நாளைக் கேட்கப் பழகிக்கொள்வது நல்லது.

'வெரசா', 'வெள்ளன' என்பதெல்லாம் கொச்சையா? எழுதலாமா?

மனுவில் வேண்டாம். மற்றபடி கொச்சை என்று தள்ளாதீர்கள், எனக்கு இந்தச் சொற்கள்மீது மிகுந்த மதிப்பு உண்டு.

எழுத்துத் தமிழில் 'சீக்கிரம்' என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றால் காலையில் முன்கூட்டியே வர வேண்டுமா, வழியில் நிற்காமல் வேகமாக வர வேண்டுமா? நம்ம பக்கத்துப் பேச்சில் இந்தக் குழப்பமே இல்லை. "வெள்ளன வந்துரு" என்றால் பொழுதோடு கிளம்பி முன்கூட்டியே வர வேண்டும். "வெரசா வா" என்றால் நடையை எட்டிப் போட வேண்டும். 'வெள்ளென' விடிவதிலிருந்து ஒன்று, 'விரை' என்ற வேரிலிருந்து ஒன்று.

அழகர் கதை எல்லாருக்கும் தெரியும். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து புறப்பட்டு, வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள். அழகர் கோவிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர், வழியெல்லாம் மண்டகப்படி. அப்படிப்பட்ட பயணத்துக்கு வெரசா வருவது உதவாது, வெள்ளனப் புறப்பட்டிருக்க வேண்டும் என்று எங்கள் அப்பத்தா சொல்லுவார். இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

எதிர்ச்சொல்லும் இங்கே அழகானது: 'பைய'. "பையப் போப்பா, பள்ளம் கெடக்கு" என்று இன்றைக்கும் சொல்கிறோம். மதுரையில் தாம் தங்கியிருந்த மடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது திருஞானசம்பந்தர் பாடிய திருவாலவாய்ப் பதிகத்தில், அந்தச் சுடர் 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே' என்று வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பாடிய சொல், இந்த ஊர்த் தெருவில் இன்னமும் அதே பொருளில் புழங்குகிறது.

இன்னும் வீட்டை விட்டே கிளம்பாமல் "இந்தா வந்துட்டேன்" என்கிறார்களே, அது இலக்கணப் பிழை இல்லையா?

இல்லவே இல்லை. நடக்கப் போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் வினையியலில் ஒரு நூற்பாவே இருக்கிறது. இன்னும் சாப்பிட்டு முடிக்காதவன், வெளியே கூப்பிடுகிறவனிடம் 'உண்டேன், போந்தேன்' என்று சொல்வதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். நன்னூலும் விரைவு கருதிக் காலம் பிறழலாம் என்று ஒப்புக்கொள்கிறது. தேர்வில் கேட்டால் 'கால வழுவமைதி' என்று எழுதுங்கள்.

அடுக்குத்தொடரும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில் நடத்துநர் "ஏறு ஏறு ஏறு" என்கிறார். 'விரைசொல் அடுக்கே மூன்றுவரம்பு ஆகும்' என்பது நூற்பா. விரைவைச் சொல்ல ஒரு சொல்லை மூன்று முறைவரை அடுக்கலாம். அந்த வரம்பை அவர் யாரிடமும் படிக்கவில்லை, இருந்தும் பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்.

'தட்கல்' என்பதற்குத் தமிழ் என்ன?

'உடனடி'. அதிகக் கட்டணம் கட்டி வரிசையில் முன்னால் போகும் முறை அது, ரயில் பயணச்சீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. பேச்சில் எல்லாரும் தட்கல் என்றே சொல்கிறார்கள், விண்ணப்பப் படிவத்திலும் அந்தப் பெயரே இருக்கிறது. குழப்பம் வராமல் இருக்க அதையே எழுதுங்கள்.

'துரிதப்படுத்து' என்பதில் ப் வருகிறது, 'விரைவுபடுத்து' என்பதில் ஏன் வருவதில்லை?

'துரிதம்' என்பதன் மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது. அங்கே ப் கட்டாயம். 'விரைவுபடுத்து' என்று ஒற்று இல்லாமல் எழுதுவது அச்சில் பரவலான வழக்கம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் துரிதப்படுத்தச் சொல்லிக் கேட்கலாமா?

வேண்டாம் என்பேன். 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' என்கிறது குறள் 672. இங்கே தூங்குதல் என்றால் தாமதித்தல். நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்தே செய், தாமதிக்கக் கூடாததைத் தாமதிக்காதே என்று இரண்டு பக்கமும் சொல்கிறது. கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவர் வெளியூரில், அவருக்கு விசாரணை அறிவிப்புப் போகவில்லை என்றால், அந்த விசாரணையை அவசரமாக முடிக்கக் கேட்காதீர்கள். அவர் பிறகு வந்து ஆட்சேபித்தால் மேல்முறையீடு, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். முதலில் அவருக்கு அறிவிப்புப் போகட்டும் என்று கேளுங்கள். முதியோர் உதவித்தொகை, இயற்கை மரண நிவாரணம், குடிநீர் இணைப்பு போன்றவை வேறு. அங்கே ஒரு வாரம் தள்ளினாலும் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில் சிக்கல். அவற்றுக்குத் தயங்காமல் கேளுங்கள்.

மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து என்ன எழுதுவது?

அந்தப் பதில் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் பார்வையில் சேருங்கள். மனு கொடுக்க வர முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் சொல்லலாம். அங்கேயும் அந்தக் கடிதத்தின் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கோபமாக ஒரு பக்கம் எழுத வேண்டிய அவசியமில்லை. இப்படி எழுதினால் போதும்: "பார்வை 2-ல் கண்ட கடிதத்தில் எனது விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. பரிசீலனை எந்த அலுவலரிடம் உள்ளது, எந்த நாளுக்குள் முடியும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."